கண்ணாடிக் குஞ்சும் கள்ளக் கணக்கும்

எச்சரிக்கை: நீளமான பதிவு. பக்கத்தில் டீ வைத்துக்கொண்டு படிக்கவும்.

போன வாரம் வகுப்பில் செமினார். நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்) ஜப்பான்காரர்களின் விலாங்கு மீன் தொழிலைப் பற்றிப் பேசினான். ஸ்லைடு எல்லாம் சூப்பர். கடைசி ஸ்லைடில் ஒரு வரி: "காட்டு விலாங்கு குறைகிறது, ஆனால் 99 சதவீதம் பண்ணையில் வளர்வதால் கவலை இல்லை. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் உற்பத்தி ஏறும்." எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்தப் பண்ணைக்குக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? ரெண்டு நாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்து முடித்ததும், தட்டிய கையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கதை.

ஜப்பானிய விலாங்கு வளர்வது ஆற்றில். பல வருடம் அங்கேயே வாழ்ந்து, ஒரு இலையுதிர் காலத்தில் கடலுக்கு இறங்கும். திரும்பி வராது. அது எங்கே போய் முட்டையிடுகிறது என்று ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. கட்சுமி ட்சுகமோட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் குழு 1991இல் ஹகுஹோ மாரு என்ற ஆய்வுக் கப்பலில் போய், மரியானா தீவுகளுக்கு மேற்கே 10 மில்லிமீட்டர் அளவுள்ள லார்வாக்களைப் பிடித்தது. 2005இல் அப்போதுதான் பொரிந்த குஞ்சுகள் கிடைத்தன. 2009 மே மாதம், அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னால், முட்டையே கிடைத்தது. எத்தனை? 31. ஒவ்வொன்றும் 1.6 மில்லிமீட்டர். பசிபிக் பெருங்கடலில் 31 முட்டை! வைக்கோல் போரில் ஊசி என்பதெல்லாம் இதன் முன்னால் சும்மா.

அந்த இடத்தில் என்ன விசேஷம்? கடல் முழுக்க ஒரே தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அங்கே வடக்குப் பக்கத்துத் தண்ணீர் வெயிலில் ஆவியாகி உப்பு கூடியது. தெற்குப் பக்கத்துத் தண்ணீர் அடைமழை விழுந்து உப்பு குறைந்தது. இரண்டும் சந்திக்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லை. இதைத்தான் விஞ்ஞானிகள் ஃப்ரன்ட் என்கிறார்கள். இந்தப் பதிவில் நான் உப்பெல்லை என்று சொல்லப் போகிறேன். வடக்கே இருந்து நீந்தி வரும் தாய் விலாங்கு இந்த உப்பெல்லையைத் தாண்டியதும் "ஸ்டாப்பிங் வந்துவிட்டது" என்று இறங்கிவிடுகிறது என்பதுதான் அந்தக் குழு சொல்லும் விளக்கம். முட்டையிட்டதும் அதன் ஆயுள் முடிகிறது.

இனி குஞ்சின் பாடு. லார்வா பார்க்க ஒரு இலை மாதிரி இருக்கும். தட்டை, ஒல்லி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும். நீந்தும் சக்தி சொற்பம். அது செய்யக்கூடியது ஒன்றுதான்: இரவில் மேலே வரும், பகலில் கீழே போகும். மிச்சமெல்லாம் நீரோட்டத்தின் தயவு. வட நிலநடுக்கோட்டு நீரோட்டம் அதை மேற்கே பிலிப்பைன்ஸ் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே அந்த நீரோட்டம் ரெண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது குரோஷியோ. தெற்கே போவது மிண்டனாவோ.

குரோஷியோவில் ஏறினால் தைவான், சீனா, கொரியா, ஜப்பான். பிழைப்பு உண்டு. மிண்டனாவோவில் ஏறினால் இந்தோனேசியக் கடல் பக்கம் போய்ச் சேர வேண்டியதுதான். ஒரு வீட்டுக்கும் உபயோகமில்லை. சரியான பஸ், தப்பான பஸ், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது பயணி இல்லை.

இரவில் மேலே வருகிற பழக்கம் இங்கேதான் உதவுகிறது. மேல்மட்டத் தண்ணீரைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளும், அதனால் குரோஷியோ பக்கம் ஒதுங்க வாய்ப்பு கூடும். ஆனால் எல் நினோ வருடங்களில் உப்பெல்லை தெற்கே நகர்ந்துவிடுகிறது. எல்லை நகர்ந்தால் முட்டையிடும் இடமும் தெற்கே நகரும். நீரோட்டம் பிரியும் இடமோ வடக்கே நகரும். இரண்டும் சேர்ந்து குஞ்சுகளைத் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிடுகின்றன. தாய் செய்த தப்பு ஒன்றுமில்லை. அது வழக்கம் போல உப்பெல்லையைத் தாண்டித்தான் முட்டையிட்டது.

பிழைத்த குஞ்சு, சுமார் 3000 கிலோமீட்டர், ஏறத்தாழ அரை வருடம் கழித்து, ஆற்று முகத்துவாரத்துக்கு வருகிறது. அப்போது அதன் நீளம் 5, 6 சென்டிமீட்டர். எடை 0.2 கிராம். ஒரு கிலோவுக்கு 5000 குஞ்சு. இன்னும் உடம்பு கண்ணாடி போலத்தான் இருக்கும், அதனால் பெயரும் கண்ணாடி விலாங்கு.

முகத்துவாரத்தில் விளக்கும் வலையுமாக ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நண்பா, நீ சொன்ன "பண்ணை விலாங்கு" இதுதான். கடலில் பிறந்து, கடலில் தப்பிப் பிழைத்து வந்த குஞ்சைப் பிடித்துத் தொட்டியில் போட்டுத் தீனி கொடுப்பது. கோழிப்பண்ணையில் கோழி முட்டையிடுகிறது, முட்டை பொரிகிறது, சுழற்சி ஓடுகிறது. விலாங்குப் பண்ணையில் அது கிடையாது. அங்கே வளரும் விலாங்கு குஞ்சு பொரிக்காது, கடலுக்கும் போகாது, நேராகத் தட்டுக்குத்தான் போகும். ஆய்வுக்கூடத்தில் முட்டை முதல் முட்டை வரை முழுச் சுழற்சியை 2010இலேயே ஜப்பான் சாதித்துவிட்டது. வாழ்த்துகள். ஆனால் அந்த லார்வாவுக்குச் சுறா முட்டையை அரைத்து ஊட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கும் அப்படி உருவாக்கும் குஞ்சின் அடக்கவிலை, பிடித்த குஞ்சின் விலையைவிட ரொம்ப அதிகம். ஆக, "99 சதவீதம் பண்ணை" என்பதற்கு நேர் தமிழ் "99 சதவீதம் பிடித்து வளர்த்தது" என்பதுதான்.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். பி.காம் படித்து என்ன கிழித்தாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். இதோ நாலு பாடம், நாலும் நாம் எல்லோரும் எழுதிப் பாஸான பாடம்தான்.

பாடம் ஒன்று: ப்ராசஸ் காஸ்டிங். "எப்படியும் பெரும்பாலான குஞ்சு சாகத்தானே போகிறது, அதைப் பிடித்தால் என்ன?" என்று ஒரு வாதம் வரும். கேட்க நியாயமாக இருக்கும். ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. இனம் அப்படியே நிலைக்க அதில் சராசரியாக ரெண்டு பிழைத்து முட்டையிடும் வயதை எட்டினால் போதும். மற்றதெல்லாம் நார்மல் லாஸ். ஆனால் நார்மல் லாஸின் செலவு எங்கே போய் ஏறும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மிஞ்சிய நல்ல யூனிட்டின் தலையில்தான். முகத்துவாரத்துக்கு வந்த ஒரு கண்ணாடிக் குஞ்சு, தப்பான பஸ்ஸில் போனவை, தின்னப்பட்டவை, பசியில் செத்தவை என அத்தனையின் செலவையும் சுமந்துகொண்டு வருகிறது. கடலின் பெரிய சல்லடையில் தேறிய சரக்கு அது. அதைப் பிடித்துவிட்டு "இன்னும் 0.2 கிராம்தானே" என்பது, முடிவடையும் நிலையில் உள்ள சரக்கை மூலப்பொருள் விலைக்கு எழுதுவது போல. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பாடம் இரண்டு: பேஸ் இயர். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். 2014 செப்டம்பரில் ஜப்பான், சீனா, கொரியா, தைவான் நாலும் கூடி, பண்ணைக்கு விடும் குஞ்சின் அளவை 20 சதவீதம் குறைக்கிறோம் என்று அறிவித்தன. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எதிலிருந்து 20 சதவீதம்? அதற்கு முந்தைய சீசனில் இருந்து. ஜப்பானில் அந்த சீசனில் பண்ணைக்கு விட்டது 27 டன். அதற்கும் முந்தைய சீசனில் 12.6 டன்தான்! அதாவது குஞ்சு அள்ளி அள்ளி வந்த ஒரு வருடத்தை அடிப்படையாக எடுத்து, அதில் 20 சதவீதம் கழித்து, 21.7 டன் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இண்டெக்ஸ் நம்பர் பாடத்தில் முதல் பக்கத்திலேயே வரும்: அடிப்படை ஆண்டு சாதாரண ஆண்டாக இருக்க வேண்டும். இரண்டாம் செமஸ்டர் பையனுக்குத் தெரிந்தது நாலு அரசாங்கத்துக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும், அதனால்தான் அந்த வருடத்தை எடுத்தார்கள் என்பது என் சந்தேகம்.

விளைவு? 2015 முதல் 2020 வரை ஒரு சீசனில்கூட ஜப்பானின் கணக்கு அந்த உச்சவரம்பைத் தொடவில்லை. வருகிற குஞ்சைவிட அனுமதி அதிகம். தண்ணீர் வராத குழாய்க்கு "தினமும் 10 குடம்தான் பிடிக்கலாம்" என்று போர்டு மாட்டுவதற்குப் பெயர் கட்டுப்பாடா?

பாடம் மூன்று: கிளைக் கணக்கு. இந்த நாலு நாட்டு ஆறுகளுக்கும் வருகிற குஞ்சு எல்லாம் ஒரே இடத்தில் பிறந்தவை. ஹெட் ஆபீஸ் மரியானாவில், மற்றதெல்லாம் கிளை. எந்தக் குஞ்சு எந்த நாட்டுக்கு என்று முடிவு செய்வது பாஸ்போர்ட் ஆபீஸ் இல்லை, நீரோட்டம். அப்புறம் "எங்கள் ஆறு, எங்கள் குஞ்சு" என்பதற்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு கிளையும் தன் கல்லாவை மட்டும் பார்த்து "எங்கள் பங்கு கொஞ்சம்தானே" என்கிறது. எல்லாக் கிளையும் சேர்ந்து எடுப்பது ஹெட் ஆபீசின் மூலதனத்தை. அதிலும் கிளைக்குக் கிளை சரக்கு மாறும் போது கள்ளக் கணக்கு வேறு. தைவான் தன் குஞ்சு ஏற்றுமதிக்கு சீசனில் தடை போட்டால், குஞ்சுப் பிடிப்புத் தொழிலே பெரிதாக இல்லாத ஹாங்காங்கில் இருந்து ஜப்பானுக்குக் குஞ்சு இறக்குமதி ஆகிறது. ஹாங்காங் ஆறுகளில் அதிசயம் நடக்கிறது என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம் :-)

பாடம் நான்கு: சந்தை பார்த்துக்கொள்ளும். பார்த்தது. 2018 சீசனில் ஜப்பானில் கண்ணாடிக் குஞ்சு கிலோ சுமார் 30 லட்சம் யென் வரை போனது. நண்பனின் ஸ்லைடுபடி விலை ஏறினால் உற்பத்தி ஏற வேண்டும். மரியானா பக்கத்துக் கடலுக்கு விலைப்பட்டியல் அனுப்பினாலும் அங்கே ஒரு முட்டை கூடாது. விலை ஏறியதால் கூடியது திருட்டுதான். கள்ளத்தனமாகப் பிடிப்பதற்கான அபராதத்தை 2023 டிசம்பரில் ஜப்பான் 3 கோடி யென் வரை உயர்த்த வேண்டி வந்தது. சப்ளை வளைவு என்பது உற்பத்தி செய்கிறவன் இருந்தால்தான் மேலே போகும். இங்கே உற்பத்தி செய்வது ஒரு மீனும், ஒரு உப்பெல்லையும், ஒரு நீரோட்டமும்.

இப்போது எதிர்க்கட்சியின் நல்ல வாதத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் எழுதினால் நியாயமில்லை.

"தம்பி, நீயே சொல்கிறாய், எல்லாம் நீரோட்டத்தின் கையில் என்று. அப்புறம் பிடிக்கிறவனைத் திட்டி என்ன பயன்? 2019இல் ஜப்பானில் 3.7 டன் குஞ்சுதான் கிடைத்தது, அடுத்த வருடமே 17 டன் கிடைத்தது. ஒரே வருடத்தில் தாய் மீன் நாலு மடங்கு ஆகிவிட்டதா? கடல்தானே காரணம்?"

உண்மை. ஏற்றுக்கொள்கிறேன். இது புதுச் செய்தியும் இல்லை. 1914லேயே நார்வேயின் யோஹான் யோர்ட் இதைச் சொல்லிவிட்டார். ஒரு வருடத்து மீன் கூட்டம் பெரியதா சிறியதா என்பதைத் தாய்களின் எண்ணிக்கையைவிட லார்வாவின் கதிதான் அதிகம் முடிவு செய்கிறது. முதல் தீனி கிடைக்காமல் போகலாம், அல்லது நீரோட்டம் திரும்பி வர முடியாத இடத்துக்கு அடித்துக்கொண்டு போகலாம் என்றார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு என்ன? இங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன். குஞ்சு குறைந்தால் "எல் நினோ, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். குஞ்சு கூடினால் "பார், மீண்டு விட்டது, கவலை வேண்டாம்" என்கிறார்கள். நஷ்டம் கடலின் கணக்கில், லாபம் நம் கணக்கில். எந்தக் கம்பெனி இப்படி எழுதினாலும் நாம் மோசடி என்போம்.

நமக்குச் சொல்லித்தந்த விதி வேறு. வராத லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் ஒதுக்கி வை. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, முதல் வருடப் பாடம். வரவு நிச்சயமில்லாத தொழிலில் ரிசர்வ் அதிகம் வேண்டும். கடல் எந்த வருடம் எந்தப் பஸ்ஸில் ஏற்றும் என்று தெரியாததால்தான், நல்ல வருடத்தில் கை வைக்காமல் விட வேண்டும். நல்ல வருடம்தான் கெட்ட வருடங்களைத் தாங்கும் முதல். நாம் செய்வதோ நல்ல வருடத்தில் பை நிறைய அள்ளுவது, அந்த வருடத்தையே பேஸ் இயராக வைப்பது.

அதோடு வருடாவருடம் ஏறி இறங்குவதைக் காட்டி நீண்ட சரிவை மறைப்பது வேறு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிடித்த குஞ்சு வருடத்துக்கு 200 டன்னுக்கு மேல் போனது. இன்றைய "நல்ல" வருடம் 17 டன். எல் நினோ அப்போதும் வந்தது, இப்போதும் வருகிறது. இடையில் மாறியது வேறு: பிடிப்பு, அணை, தடுப்பணை, ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூசிய ஆறு. ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகமே 2013இல் இதை அழியும் அபாயப் பட்டியலில் போட்டது. 2014இல் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலும் போட்டது.

இன்னொரு வாதம், பாரம்பரியம். கோடையில் ஒரு குறிப்பிட்ட நாளில் விலாங்கு சாப்பிடுவது அங்கே வழக்கம். அந்த வழக்கமே 18ஆம் நூற்றாண்டில் ஹிராகா கென்னாய் என்ற அறிஞர் ஒரு விலாங்குக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த விளம்பர உத்தி என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அடுத்தவர் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. விலாங்கை நம்பி வாழும் பண்ணைக்காரரும் கடைக்காரரும் கெட்டவர்கள் இல்லை. குஞ்சு தீர்ந்தால் முதலில் தெருவுக்கு வருவது அவர்கள்தான். பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் மீன் வேண்டும்.

நல்லதும் நடக்கிறது. ககோஷிமா, மியாசாகி போன்ற சில மாகாணங்கள் முட்டையிடக் கடலுக்கு இறங்கும் விலாங்கைப் பிடிக்கத் தடை போட்டன. பாராட்டலாம். ஆனால் 2025 நவம்பரில் சமர்கண்டில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில், எல்லா ஆற்று விலாங்குகளின் சர்வதேச வணிகத்தையும் கண்காணிப்பின் கீழ் கொண்டுவரும் தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்களில் ஜப்பான் முன்வரிசையில். கவனியுங்கள், அது வணிகத் தடைகூட இல்லை. சரக்குக்கு ஒழுங்காகச் சீட்டு வைத்துக்கொள் என்பதுதான் கோரிக்கை. சீட்டு கேட்டால் பதறுகிற வியாபாரியைப் பற்றி நம் வணிகச் சட்ட வகுப்பில் என்ன சொல்வோம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உச்சவரம்பை நல்ல வருடத்தில் இருந்து இல்லாமல் மோசமான வருடங்களில் இருந்து கணக்கிடுங்கள். நாலு நாட்டுக்கும் ஒரே ஒருங்கிணைந்த கணக்கு போடுங்கள். டப்பாவில் "பண்ணை விலாங்கு" என்பதற்குப் பதில் "கடலில் பிறந்தது, ஆற்றுவாயில் பிடித்தது, தொட்டியில் வளர்ந்தது" என்று எழுதுங்கள். வாங்குகிறவன் தெரிந்து வாங்கட்டும். ஆறுகளில் ஏறவும் இறங்கவும் வழி விடுங்கள். உப்பெல்லையை நம்மால் நகர்த்த முடியாது, நீரோட்டத்தைத் திருப்ப முடியாது. வலையை எடுக்க முடியும். நம் கையில் இருப்பது அது ஒன்றுதான், அதைப் பற்றித்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ரெண்டு பக்கமும் நல்லவனாக நடிக்கிறவனை, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்போம். ஆராய்ச்சியாளர்களிடம் 20 சதவீதக் குறைப்பைக் காட்டிவிட்டு, வியாபாரிகளிடம் எட்டவே முடியாத உச்சவரம்பைக் காட்டுகிற அரசாங்கங்களைப் பார்த்த பிறகு, இந்தப் பழமொழியில் பாவம் விலாங்கை ஏன் இழுத்தோம் என்று இருக்கிறது.

நண்பா, அடுத்த செமினாரில் அந்தக் கடைசி ஸ்லைடை மட்டும் மாற்று. மறுபடி கை தட்டுகிறேன், இந்த முறை திருப்பி வாங்க மாட்டேன்.

டிஸ்கி: நான் கடல் அறிவியல் மாணவன் இல்லை, வெறும் காமர்ஸ். நீரோட்டம் பற்றி எங்காவது தப்பாக எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். கணக்கு பற்றி எழுதியதில் தப்பு இருந்தால் மட்டும் எங்கள் சாரிடம் சொல்லிவிடாதீர்கள், இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை.